கழுத்துக் குழாய்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூச்சு விடுவதற்காகக் கழுத்தின் முன்பக்கம் மூச்சுக்குழாயில் துளையிட்டு வைக்கும் ட்ரக்கியோஸ்டமி குழாய் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களும் தாதிமை படிப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். வரலாறு தெரிந்துகொள்ளும் ஆசையில் எழுதியவர்களும் உண்டு. ஒருவருக்குச் சொன்ன பதில் இன்னொருவருக்கும் உதவும் என்பதால் எல்லாவற்றையும் படித்துவிடுங்கள்.

கே: பக்கவாதம் வந்த அப்பாவுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கிறது. உள்ளே இருப்பதை நாளுக்கு மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். "சளி இல்லாத நாளில் எதற்கு?" என்கிறார் எங்கள் பணிப்பெண். விட்டுவிடலாமா? (வாசகி, ஈசூன்)

விடக் கூடாது, அம்மா. சளி வெளியே வராத நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். வெளியே வராத சளி உள்ளே காய்ந்து, குழாயின் உட்சுவரில் பக்காகப் படியும். மெல்லிய பூச்சாகத் தொடங்குவது ஓரிரு நாளில் கட்டியாகி வழியை அடைத்துவிடும். குழாய் அடைப்பதற்கு முன் பல நேரங்களில் பெரிய எச்சரிக்கை எதுவும் இருக்காது. மூச்சில் லேசான விசில் ஓசை, கொஞ்சம் அமைதியின்மை, அவ்வளவுதான்.

உள்குழாய் பிறந்ததே இதற்காகத்தான். 1730-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகர மருத்துவர் ஜார்ஜ் மார்ட்டின் ஒரு நோயாளிக்கு மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் வைத்தார். அது சளியால் அடைத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் முழுக் குழாயையும் உருவி, கழுவி, திரும்பச் செருக வேண்டியிருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் செய்தால், வெளியே இருப்பது இடத்தை விட்டு அசையாது, உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துக் கழுவலாம் என்ற யோசனை அங்கேதான் எழுத்தில் வந்தது. அப்பாவின் கழுத்தில் இருப்பது அதே யோசனைதான். உள்குழாய் அடைத்தாலும் ஒரு நொடியில் உருவி எடுத்துவிடலாம், வெளிக்குழாய் வழியே மூச்சு ஓடும்.

சுத்தம் செய்யும் முறை: கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முதலில் சளியை உறிஞ்சி எடுங்கள். ஒரு கையால் கழுத்துப் பட்டை கோத்திருக்கும் தகட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உள்குழாயின் பூட்டைத் திருகி, வளைவின் போக்கிலேயே வெளியே இழுங்கள். நேராக இழுத்தால் உராய்ந்து இருமல் வரும். மாற்று உள்குழாயை உடனே போட்டுப் பூட்டிவிடுங்கள். கழற்றியதை மெல்லிய பிரஷ்ஷால் சுத்தமான வெதுவெதுப்பான நீரில் கழுவி, விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மறுமுனை வட்டமாகத் தெளிவாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் நிழல் தெரிந்தால் இன்னும் பக்கு இருக்கிறது. நன்றாகக் காற்றில் உலர்த்தி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கொதிநீரும் பிளீச்சும் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். ஈரத்தோடு மூடி வைத்தால் கிருமி வளரும். இரவு முழுக்க நீரில் ஊறப்போடுவதும் அதே தவறு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் உள்குழாயாக இருந்தால் கழுவி மீண்டும் போடாதீர்கள்.

பணிப்பெண்ணிடம் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். "மூன்று முறை செய்" என்பது ஒருநாள் மறந்துபோகும். காரணம் தெரிந்தவர் மறக்க மாட்டார்.

கே: இந்தக் குழாயை முதலில் கண்டுபிடித்தவர் யார்? (உயர்நிலைப் பள்ளி மாணவர், உட்லண்ட்ஸ்)

ஒருவர் இல்லை, தம்பி. ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொருவர் சேர்த்தார்கள். பெரும்பாலும் யாரோ இறந்த பிறகு சேர்த்தார்கள்.

மூச்சுக்குழாயைத் திறந்து உயிர் காக்கலாம் என்ற எண்ணம் பழையது. கி.மு. 100 வாக்கில் ரோமில் இருந்த மருத்துவர் அஸ்கிலெப்பியாடிஸ் இதைச் செய்ததாகப் பின்னால் வந்த மருத்துவர் கேலன் எழுதியிருக்கிறார். நோயாளி பிழைத்ததாகத் தெளிவாகப் பதிவான முதல் அறுவை 1546-இல், இத்தாலியின் ஃபெராரா நகரில், அந்தோனியோ பிரசாவோலா செய்தது. தொண்டையில் சீழ்க்கட்டி வந்து மூச்சு முட்டியவர் அந்த நோயாளி.

துளை போடுவது ஒரு வேலை, போட்ட துளையைத் திறந்தே வைத்திருப்பது இன்னொரு வேலை. இத்தாலியின் பதுவாவில் உடற்கூறு கற்பித்த பப்ரீசியஸ் சிறிய நேர்க்குழாய் ஒன்றை விவரித்து, அது உள்ளே விழுந்துவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் சிறகு வைக்கச் சொன்னார். இன்று பட்டை கட்டும் தகடு அந்தச் சிறகுதான். ஆனால் மூச்சுக்குழாய் கழுத்தில் மேலிருந்து கீழாக ஓடுகிறது, துளையோ முன்னாலிருந்து போகிறது. நேர்க்குழாயின் முனை பின்சுவரில் போய் இடிக்கும். அவருடைய மாணவர் காஸ்ஸேரியோ 1600-ஐ ஒட்டி வெளியிட்ட நூலில் குழாயை வளைத்து வரைந்தார். 1620-இல் பாரிசில் நிக்கோலா ஆபிகோ என்பவர் இந்த அறுவைக்கென்றே நூல் எழுதினார். அதில் ஒரு சம்பவம் உண்டு: தங்கக் காசுகளைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றத் துணியில் முடிந்து விழுங்கிய 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முடிச்சு உணவுக்குழாயில் சிக்கி, முன்னாலிருந்த மூச்சுக்குழாயை நெரித்தது. கழுத்தைத் திறந்து மூச்சு கொடுத்த பிறகு முடிச்சைக் கீழே தள்ளினார்கள். காசு பின்னர் இயற்கை வழியில் வந்து சேர்ந்தது. 'ட்ரக்கியோடமி' என்ற பெயரை 1718-இல் நிலைக்கச் செய்தவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் லோரன்ஸ் ஹைஸ்டர். கிரேக்கத்தில் 'டோமி' என்றால் வெட்டு, 'ஸ்டோமா' என்றால் வாய். வெட்டுவதைக் குறிப்பது முதல் சொல், வெட்டிய பிறகு நிற்கும் வாயைக் குறிப்பது ட்ரக்கியோஸ்டமி.

அப்படியும் மருத்துவர்கள் இதைச் செய்ய அஞ்சினார்கள். 1799 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை வீங்கி மூச்சு முட்டி இறந்தார். படுக்கையருகே இருந்த மூன்று மருத்துவர்களில் இளையவரான எலிஷா டிக் கழுத்தைத் திறக்கலாம் என்றார். மூத்தவர்கள் ஒப்பவில்லை.

அந்த அச்சத்தை உடைத்தது குழந்தைகளைக் கொன்ற டிப்தீரியா, அதாவது தொண்டை அடைப்பான். பிரான்சின் தூர் நகரில் பியர் பிரெத்தொனோ முதல் இரண்டு முயற்சிகளில் தோற்று, 1825-இல் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியைக் காப்பாற்றினார். அவருடைய மாணவர் அர்மான் ட்ரூசோ இதைப் பரவலாகச் செய்து, நான்கில் ஒரு குழந்தை பிழைப்பதாக எழுதினார். இன்று கேட்டால் குறைவு என்று தோன்றும். அறுவை இல்லாவிட்டால் அன்று அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

1870-ஐ ஒட்டி ஜெர்மனியில் ட்ரெண்டலன்பர்க் குழாயைச் சுற்றி ஊதக்கூடிய பலூன் வைத்தார். வாயிலும் தொண்டையிலும் அறுவை நடக்கும்போது ரத்தம் நுரையீரலுக்கு இறங்காமல் இருக்க அது. ஆனால் அறுவைக்குப் பின் பலருக்கு மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிப்போனது. காரணத்தைப் பிடித்தவர் அமெரிக்கரான ஷெவாலியே ஜாக்சன். அவசரத்தில் பலரும் குரல்வளைக்கு மிக அருகே, உயரத்தில் வெட்டினார்கள். அங்கே இருக்கும் கிரிக்காய்டு குருத்தெலும்பு மட்டும்தான் முழு வளையம், கீழே இருப்பவை எல்லாம் பின்பக்கம் திறந்த லாட வடிவம். முழு வளையம் புண்பட்டால் சுருங்கி வழியை மூடும். இன்னும் கீழே வெட்டு, நிதானமாக வெட்டு, உடம்பின் வளைவுக்குப் பொருந்தும் நீளமான குழாயை வை, பிறகு இரவும் பகலும் கவனி என்று 1909 முதல் அவர் திரும்பத் திரும்ப எழுதினார். 25 விழுக்காடாக இருந்த இறப்பு ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கு இறங்கியது. இந்த வரலாற்றில் ஒருவருக்கு மட்டும் நன்றி சொல்ல வேண்டுமென்றால் எங்கள் தேர்வு ஜாக்சன்.

கடைசித் திருப்பம் 1952, கோபன்ஹேகன். போலியோவில் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் வரிசையாக இறந்துகொண்டிருந்தார்கள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழுத்தில் பலூன் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கச் செய்தார். சிறுமி பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, பல நோயாளிகளுக்கு வாரக்கணக்கில் பையை அழுத்தினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்துதான் தொடங்கியது. உங்கள் பள்ளித் திட்டவேலைக்கு இது போதும் என்று நினைக்கிறோம்.

கே: அறுவைத் தட்டில் கத்தரிக்கோல் போல ஒரு கருவி இருந்தது. கைப்பிடியை அழுத்தினால் மூடுவதற்குப் பதில் திறக்கிறது. பெயரும் பயனும் சொல்ல முடியுமா? (தாதிமை மாணவி, பலதுறைத் தொழிற்கல்லூரி)

அது ட்ரூசோவின் விரிப்பான், ட்ரூசோ டைலேட்டர் என்பார்கள். மேலே சொன்ன அதே ட்ரூசோ. மூடிய நிலையில் இரண்டு அலகும் சேர்ந்து வளைந்த பறவை மூக்கு போல இருக்கும். மூச்சுக்குழாயில் போட்ட வெட்டுக்குள் மூடியபடியே நுழைத்து, கைப்பிடியை அழுத்தினால் அலகுகள் விலகும். மூன்று அலகு உள்ளது லபோர்டு வகை.

ஏன் தலைகீழாக வேலை செய்கிறது என்றால், குருத்தெலும்பு வளையம் வில் போல. வெட்டினாலும் விளிம்புகள் மீண்டும் சேர்ந்துகொள்ளும். அவற்றைப் பிரித்துப் பிடிக்கத்தான் விசை வேண்டும், கை இயல்பாக இறுக்கும்போதே அந்த விசை கிடைக்க வேண்டும். அலகுகளின் இடைவெளியில் குழாயை நுழைத்து, கைப்பிடியைத் தளர்த்தி, கருவியை மெல்ல உருவுவார்கள். விரிந்த நிலையிலேயே இழுத்தால் வெட்டின் ஓரம் கிழியும்.

இதில் வரும் பெரிய பிழை, அலகு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் அதன் முன்னால் உள்ள திசுவில் விரிவது. குழாயும் அந்தப் பொய்வழியில் போய் உட்காரும். பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் குழாய் வாயில் காற்று வராது, உறிஞ்சுகுழாய் உள்ளே இறங்காது, கார்பன் டை ஆக்சைடு அளவி நேர்க்கோடு காட்டும். கழுத்துத் தோலை அழுத்தினால் அரிசிப்பொரி நொறுங்குவது போல இருக்கும். அப்போது மூச்சுப் பையை இன்னும் பலமாக அழுத்தக் கூடாது. குழாயை எடுத்துவிட்டு, வாய் வழியாக மூச்சு கொடுக்க வேண்டும்.

அதே தட்டில் இரண்டு கொக்கிகளையும் பார்த்திருப்பீர்கள். மழுங்கிய முனை உள்ளது, முன்னால் குறுக்கே கிடக்கும் தைராய்டுச் சுரப்பியின் பாலத்தை ஒதுக்க. கூர்முனை உள்ளது, கிரிக்காய்டுக்குக் கீழே மாட்டி மூச்சுக்குழாயை மேலே தூக்கி அசையாமல் நிறுத்த. கூர்க்கொக்கியை எடுக்காமல் குழாயை நுழைத்தால் பலூன் கிழிந்துவிடும்.

தேர்வில் கேட்காவிட்டாலும் இதை நினைவில் வையுங்கள். பலூனை நுழைக்கும் முன்பே ஊதி, சுத்தமான நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்த்து, முழுதும் காற்றை எடுத்து வைக்க வேண்டும். மூச்சுக்குழாயைத் திறக்கும் நொடியில் மின்கத்தி வேண்டாம். உள்ளே அடர்த்தியான ஆக்சிஜன் இருக்கிறது, பொறி பட்டால் குழாயே பற்றும். வெட்டு வழக்கமாக இரண்டாம், மூன்றாம் வளையத்தின் அருகே.

தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இப்போது பெரும்பாலும் ஊசி, வழிகாட்டிக் கம்பி, படிப்படியாகப் பருக்கும் விரிப்பான் கொண்டு படுக்கையிலேயே செய்கிறார்கள். 1985-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சியாலியா வெளியிட்ட முறை அது. எனவே ட்ரூசோ விரிப்பானை நீங்கள் அடிக்கடி காண மாட்டீர்கள். ஆனால் வைத்த குழாய் எதிர்பாராமல் வெளியே வந்து துளை சுருங்கும் வேளையில் கைக்கு அது கிடைப்பது பெரிய உதவி.

கே: அம்மாவுக்குப் பேசும் வால்வு கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் வந்து அதை மாட்டியதும் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. உடனே கழற்றிவிட்டோம். வால்வில் குறையா? (வாசகி, தெம்பனிஸ்)

வால்வில் குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. குழாயைச் சுற்றியுள்ள பலூனில் காற்று இருந்ததா என்று பாருங்கள்.

பேசும் வால்வு ஒருவழிக் கதவு. மூச்சை இழுக்கும்போது திறக்கும், விடும்போது மூடிக்கொள்ளும். விடும் காற்று குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி வழியே மேலே ஏறி, குரல்நாண்களைத் தொட்டு, வாய் வழியே போகும். அதனால்தான் பேச்சு வருகிறது. பலூன் ஊதியிருந்தால் அந்த இடைவெளியே இல்லை. காற்று உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. இரண்டு மூன்று மூச்சில் நெஞ்சு நிரம்பி உயிருக்கே ஆபத்தாகும். உடனே கழற்றியது மிகச் சரி.

இனி இந்த ஒழுங்கைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: முதலில் சளியை உறிஞ்சு. அடுத்து, வெளியே தொங்கும் சிறு காட்டிப் பலூனில் ஊசியில்லாத சிரிஞ்சைப் பொருத்தி, இனி வராது என்னும்வரை காற்றை எடு. காட்டிப் பலூன் சப்பையாகத் தெரிய வேண்டும். மறுபடி சளி உறிஞ்சு, ஏனென்றால் பலூன் மேல் தேங்கியது இப்போது கீழே இறங்கியிருக்கும். அதன் பிறகே வால்வு. மாட்டியதும் அருகிலேயே இருந்து கவனியுங்கள். தூங்கும்போது வால்வு வேண்டாம். பலூனைச் சுருக்கியும் திணறினால், குழாய் அம்மாவின் மூச்சுக்குழாய்க்குப் பெரிதாக இருக்கலாம், அல்லது மேலே வீக்கம் இருக்கலாம். பேச்சுப் பயிற்சியாளரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் பார்க்கும்வரை மறுபடி மாட்டாதீர்கள். வீட்டில் யார் யாருக்கு இது தெரியுமோ அவர்கள் மட்டும் வால்வைத் தொடுவது நல்லது. அண்ணனுக்கும் கற்றுக்கொடுங்கள்.

இந்த வகை வால்வுகளில் மிகவும் அறியப்பட்டதை 1980-களில் உருவாக்கியவர் டேவிட் மியூர். தசைநலிவு நோயால் சுவாசக் கருவியில் இருந்த நோயாளி அவர். தம் குரல் தமக்கு வேண்டும் என்றே அதைச் செய்தார்.

பலூனைப் பற்றி இன்னும் ஒன்று. ஊத வேண்டியவர்களுக்கும் அளவு உண்டு: 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தம். விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்ல முடியாது, அழுத்தமானி வேண்டும். கூடினால் மூச்சுக்குழாயின் உட்தோலுக்கு ரத்தம் போகாமல் புண்ணாகி, பின்னால் சுருக்கமோ உணவுக்குழாயோடு ஓட்டையோ வரும்.

கே: சிங்கப்பூர்க் காற்றே ஈரமானதுதானே? கழுத்துக் குழாய்க்கு ஏன் தனியாக ஈரப்பத வடிகட்டி மாட்டச் சொல்கிறார்கள்? (வாசகர், தோ பாயோ)

நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நுரையீரலின் ஆழத்தில் உள்ள காற்று 37 பாகையில் நீராவி முழுதும் நிரம்பியது. ஒரு லிட்டரில் சுமார் 44 மில்லிகிராம் நீர். நம் ஊரில் 30 பாகை, 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள நாளில் வெளிக்காற்றில் இருப்பது சுமார் 24 மில்லிகிராம். குளிரூட்டி ஓடும் அறையில், 23 பாகை, 50 விழுக்காடு என்றால் சுமார் 10 தான். மீதியை மூக்கு தரும். குழாய் வைத்தவருக்கு மூக்கு வழியே இல்லை, எனவே அந்த 20, 34 மில்லிகிராம் நீரும் மூச்சுக்குழாயின் தோலிலிருந்து உறிஞ்சப்படும். சளி பிசின் போலாவது இதனால்தான். இரவெல்லாம் குளிரூட்டி ஓடிய அறையில் காலையில் உள்குழாய் பக்கு பிடித்திருப்பதைப் பலர் கவனித்திருப்பீர்கள்.

வடிகட்டி, விடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து வைத்து, இழுக்கும் மூச்சுக்குத் திருப்பித் தரும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், சளி பட்டு நனைந்தால் உடனே மாற்றுங்கள். நனைந்த வடிகட்டி வழியே மூச்சு இழுப்பது ஈரத்துணியால் மூக்கைப் பொத்தியது போல. நெபுலைசர் கருவியில் மருந்தை ஆவியாக இழுக்கும்போது கழற்றிவிடுங்கள். புகைமூட்ட நாட்களில் சன்னலைச் சாத்துங்கள், தூசு வடிகட்டும் மூக்கும் அவருக்கு இல்லை.

கே: சளி உறிஞ்சும் குழாயின் எண் எது, எவ்வளவு ஆழம் விடலாம்? ஒவ்வொரு தாதியும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

எண்ணுக்கு எளிய சூத்திரம் இருக்கிறது. கழுத்துக் குழாயின் உள்விட்ட எண்ணிலிருந்து 2 கழித்து, 2-ஆல் பெருக்குங்கள். 8 எண் குழாய்க்கு 12, 7 எண்ணுக்கு 10. இதற்குப் பெரிதானால் உறிஞ்சுகுழாயே வழியை அடைத்து, சளியோடு நுரையீரல் காற்றையும் இழுத்துவிடும். ஆழம், கழுத்துக் குழாயின் நீளமும் அதற்கு மேல் அரை அல்லது ஒரு சென்டிமீட்டரும். மாற்றுக் குழாய் ஒன்றில் ஒருமுறை அளந்து, உறிஞ்சுகுழாயில் எந்தக் கோடு வரை என்று குறித்து வையுங்கள். இருமல் வரும்வரை தள்ளுவது பழைய பழக்கம். தினமும் அதே இடத்தில் குத்திப் புண்ணாகும்.

பெரியவர்களுக்கு அழுத்தம் 100 முதல் 150 மில்லிமீட்டர் பாதரசம். உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, எடுக்கும்போது மட்டும் கட்டை விரலால் துளையை மூடுங்கள். உள்ளே விட்டு எடுக்கும் நேரம் மொத்தம் 10 முதல் 15 விநாடி. அடுத்த முறைக்கு முன் மூச்சு வாங்க விடுங்கள். உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவது வழக்கமாகச் செய்ய வேண்டியதன்று. நேரம் பார்த்து உறிஞ்சாதீர்கள், தேவை பார்த்து உறிஞ்சுங்கள்: களகள ஓசை, இருமல், ஆக்சிஜன் அளவு இறங்குவது, முகத்தில் தெரியும் சங்கடம். சளியில் இளஞ்சிவப்புக் கோடு எப்போதாவது வரலாம். புதுச்சிவப்பு ரத்தம், சிறிதளவே ஆனாலும், சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள். குழாய் நுனி உரசி அருகிலுள்ள பெரிய ரத்தக் குழாய் அரிபடும்போது முதலில் வருவது அந்தச் சிறு ரத்தம்தான், பெருக்கு பின்னால் வரும்.

சளி உறிஞ்சும் கருவியின் மின்கலம் முழுதும் ஏறியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறையாவது இணைப்பைப் பிடுங்கி ஓடவிட்டுப் பாருங்கள்.

கே: குழாய் கழன்று விழுந்துவிட்டால் ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது? (வாசகி, செங்காங்)

பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். தலைமாட்டில் ஒரு பை இருக்க வேண்டும்: அதே அளவுக் குழாய் ஒன்று, ஓர் அளவு சிறியது ஒன்று, உள்ளே செருகும் வழிகாட்டிகள், நீரில் கரையும் ஜெல்லி, பட்டை, கத்தரிக்கோல், சிரிஞ்சு, உறிஞ்சுகுழாய். மருத்துவர் சந்திப்புக்குப் போனாலும் பை கூடவே போக வேண்டும்.

ஒருவர் 995-ஐ அழைக்கட்டும். தோளுக்கடியில் சுருட்டிய துண்டு வைத்தால் கழுத்து நிமிர்ந்து துளை தெரியும். பழைய துளை, அதாவது பல வாரம் ஆனது, உடனே மூடிவிடாது. பதறாதீர்கள். வழிகாட்டியைச் செருகிய குழாயின் முனையில் ஜெல்லி தடவி, முதலில் கழுத்துக்குச் செங்குத்தாக, பிறகு வளைவின் போக்கில் கீழ்நோக்கி விடுங்கள். போனதும் வழிகாட்டியை உடனே உருவுங்கள். அது உள்ளே இருக்கும்வரை மூச்சுக்கு வழியில்லை, பதற்றத்தில் பலரும் மறப்பது இதைத்தான். குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உள்குழாயைப் போட்டுப் பட்டையைக் கட்டுங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும்.

போகவில்லை என்றால் சிறிய அளவு. அதுவும் போகவில்லை என்றால் முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள், பொய்வழி உண்டாகும். ஆக்சிஜன் இருந்தால் முகத்துக்கும் துளைக்கும் இரண்டுக்கும் பிடியுங்கள். மூச்சு நின்றுவிட்டால், துளையைத் துணியால் பொத்தி வாய் வழியே மூச்சு கொடுங்கள். குரல்வளையை முழுதாக எடுத்தவருக்கு இது பொருந்தாது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கே: தஞ்சாவூரில் என் தாய்மாமாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். உலோகக் குழாய் வைத்திருக்கிறார்கள். இங்கே எல்லாருக்கும் பிளாஸ்டிக். மாமாவுக்குத் தரமில்லாததைக் கொடுத்துவிட்டார்களா? (வாசகர், பொங்கோல்)

அப்படி நினைக்க வேண்டாம். உலோகக் குழாயின் சுவர் மெல்லியது, உள்வழி அகலம், கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யலாம், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஜாக்சன் வடிவம் இன்றும் அப்படியே செய்யப்படுகிறது. வெளிக்குழாய் இரண்டு இதழாகப் பிளந்திருந்தால் அது ஃபுல்லர் வகை. அதில் உள்குழாய் வெளிக்குழாயைவிட நீளம். ஒரு ஜோடியின் உள்குழாயை இன்னொரு ஜோடியில் போடக் கூடாது, பூட்டு பொருந்தாது.

குறைகளும் உண்டு. பலூன் இல்லை. மூச்சுப் பையை மாட்டும் 15 மில்லிமீட்டர் இணைப்பு பொதுவாக இருக்காது. கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கும் முன் பிளாஸ்டிக்குக்கு மாற்ற வேண்டும், ஏனென்றால் உலோகம் கதிரைச் சிதறடித்து அருகிலுள்ள தோலில் அளவைக் கூட்டிவிடும். மாமாவிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமாக மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: குரல்வளையை முழுதும் எடுத்துவிட்டார்களா, அல்லது துளை மட்டும் போட்டார்களா? எடுத்துவிட்டார்கள் என்றால் மாமாவின் வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே இல்லை. கழுத்துத் துளைதான் ஒரே மூச்சு வழி. முகத்தில் ஆக்சிஜன் பிடிப்பதும் வாயில் மூச்சு கொடுப்பதும் வீண், துளையைப் பொத்தினால் கொலை. விவரம் தெரியாதவர்கள் கூடி நிற்கும் வேளையில் இந்தத் தவறு நடக்கும். ஒரு அட்டையில் தமிழில் பெரிதாக எழுதி அவர் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

கே: படங்களில் பேனாவால் கழுத்தில் துளையிட்டுக் காப்பாற்றுகிறார்களே, உண்மையில் முடியுமா? (வாசகர், புக்கிட் பாத்தோக்)

செய்யாதீர்கள். அவர்கள் காட்ட நினைப்பது கிரிக்கோதைராய்டு சவ்வைத் திறப்பது. தொண்டைமுடிச்சுக்குக் கீழே விரலை இறக்கினால் தட்டுப்படும் சிறு பள்ளம் அது. மருத்துவர்கள் அதைக் கடைசி வழியாகச் செய்வது 10 எண் கத்தி, வளையும் வழிகாட்டிக் குச்சி, 6 எண் பலூன் குழாய் ஆகிய மூன்றோடு. பேனாக் குழாயின் உள்வழி மிகக் குறுகியது. ஆரம் பாதியானால் காற்றுக்குத் தடை இரண்டு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. பக்கத்திலோ பெரிய ரத்தக் குழாய்கள். விழுங்கியது துளைக்குக் கீழே சிக்கியிருந்தால் பயனும் இல்லை.

சாப்பிடும்போது அடைத்துக்கொண்டவருக்குப் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே மூடிய கைமுட்டியை வைத்து, உள்ளும் மேலுமாகத் தள்ளுங்கள். கர்ப்பிணிக்கும் உடல் பருத்தவருக்கும் நெஞ்சில். மயங்கிவிட்டால் 995, நெஞ்சழுத்தம்.

கே: குழாயோடு குளிக்கலாமா? நீந்தலாமா? (வாசகி, பாசிர் ரிஸ்)

கைத்தெளிப்பான் வைத்து மார்புக்குக் கீழே குளிக்கலாம். தலைக்குக் குளிப்பாட்டும்போது துளைக்கு மேல் காப்பு மாட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, தனியாக அலசுங்கள். முகப்பவுடரும் சாம்பிராணிப் புகையும் குழாயருகே வேண்டாம். நீச்சல் வேண்டவே வேண்டாம்.